பெருமாள் வீட்டில் சோறு இருந்தது

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது, “தேடிப் பாக்குறேன்பா” என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். அது பொய். தேட வேண்டிய அவசியமே இல்லை. அந்த வீடியோ எந்தப் பெட்டியில், எந்தத் துணிக்கு அடியில் இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். “அப்பா, தோட்டத்து டின்னருக்குக் கோமதிய வச்சு எடுத்தோமே, அது இருக்கா? ஹால்ல அத்தன பேரும் அழுதாங்கல்ல, எங்க நிகழ்ச்சிக்கு அந்த மாதிரிதான் வேணும்லா” என்று நீ உற்சாகமாகக் கேட்டாய். இளைஞர்களுக்கு உதவும் ஒரு சங்கத்தில் நிதி திரட்டும் பொறுப்பு உனக்குக் கிடைத்திருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து உன் அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கும் பெருமைதான். ஆனால் நீ அந்த வேலையை என்னிடமிருந்து கற்றுக்கொண்டதாகச் சொன்னாய் பார், அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கற்றுக்கொடுத்தவன் என்ன செய்தான் என்று உனக்குப் பாதிதான் தெரியும். மீதியை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் தோட்டத்துக் கல்வி நிதி நல்ல எண்ணத்தில் தொடங்கியதுதான். புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டங்களில் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளைகள் மேலே படிக்க வழியில்லாமல் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. நான் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. நாலு எழுத்து தெரிந்தவன் என்று என்னைச் செயலாளராக்கினார்கள். வருஷத்துக்கு ஒரு விருந்து, மேசைக்குப் பத்துப் பேர் என்று மேசை மேசையாக விற்போம். முதலில் நன்றாக நடந்தது. பிறகு இரண்டு வருஷம் பாதி மேசைகூட விற்கவில்லை. சிரம்பானில் ஒரு பெரிய கடை முதலாளியிடம் போய் நின்றேன். அவர் எங்கள் அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “கிராணி, இதுல வெறும் பேருதான் இருக்கு. கதை இல்லையே. மனசு உருகுனாத்தான் கை பைக்குள்ள போகும்” என்றார். அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு கதைக்காக நம் தொழிலாளர் லயத்து வீடுகளை ஒவ்வொன்றாக மனதில் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பெருமாளைத் தேர்ந்தெடுத்தேன். அவனும் நானும் ஒரே தமிழ்ப்பள்ளியில் ஒரே வாங்கில் உட்கார்ந்தவர்கள். அவன் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டப் போனான், நான் ஆபீசுக்குள் போனேன். அதன் பிறகு என்னைக் ‘கிராணி’ என்றுதான் கூப்பிடுவான், பாதி கேலியாக. அவன் மகள் கோமதி உன் வகுப்பு. ஒரே பஸ்ஸில் பள்ளிக்குப் போவீர்கள். கெட்டிக்காரப் பெண், பார்க்கவும் களையாக இருப்பாள், தமிழ் நன்றாகப் பேசுவாள். மேடைக்கு ஏற்றவள் என்று நினைத்தேன். அவர்கள் தோட்டத்திலேயே மிக ஏழைகள் என்பதால் அவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை, தம்பி. அவர்களைவிடக் கஷ்டப்பட்ட குடும்பங்கள் இருந்தன. பெருமாள் எனக்கு ‘முடியாது’ என்று சொல்ல மாட்டான் என்பதால் தேர்ந்தெடுத்தேன். சம்பளப் பட்டியல் எழுதுகிறவனிடம் குலை வெட்டுகிறவன் எப்படி முடியாது என்று சொல்வான்?

வீடியோ எடுத்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். கேமராவைப் பிடித்ததே நீதானே. ஆனால் பெருமாள் வீட்டு அறையை நான் எப்படி மாற்றினேன் என்பதை நீ கவனித்தாயா, தெரியவில்லை. அலமாரி மேல் கோமதி பேச்சுப் போட்டியில் வாங்கிய கோப்பைகள் ஏழெட்டு வரிசையாக இருந்தன. இறக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். வாசலில் பெருமாளின் புது மோட்டார் சைக்கிள் நின்றது. அதைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போகச் சொன்னேன். “அப்பா, ஃபேன ஏன் நிறுத்துனீங்க?” என்று நீ கேட்டாய். “சத்தம் பதிவாகும்” என்றேன். டிவியை என்ன செய்வதென்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, “வெளிச்சம் அடிக்குதா கிராணி? இரு” என்று சொல்லிப் பெருமாள் தானே அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு வந்தான். தன் வீட்டைத் தானே காலி செய்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. இது நிதிக் குழுவுக்குக் காட்டும் விண்ணப்பப் படம் என்றுதான் அவனிடம் சொல்லியிருந்தேன். நெற்றியில் திருநீறு வைத்து, தலையைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தான்.

பேச்சை நான்தான் எழுதிக் கொடுத்தேன். கோமதி ஆபீஸ் வாசலில் நின்றபடியே அதைப் படித்தாள். ஓரிடத்தில் நிறுத்திவிட்டாள்.

“கிராணி மாமா, இங்க ‘சில நாள் ஒரு வேளதான் சாப்பாடு’ன்னு இருக்கு. நாங்க மூணு வேளையும் சாப்பிடுறோமே.”

“ஒரு பேச்சுக்குத்தானேம்மா. அங்க வர்றவங்கல்லாம் டவுன்ல உள்ளவங்க. அவங்களுக்குப் புரியணும்ல.”

“அப்பாவுக்குத் தெரிஞ்சா கோவிச்சுக்குவாரு மாமா.”

“உனக்காக மட்டுமா கேக்குறோம்? நீ பேசுறதுல இன்னும் எத்தனையோ பிள்ளைங்க படிக்கும். அத நெனச்சுப் பாரு.”

பதினேழு வயதுப் பெண்ணின் தலையில் ஊர்ப் பிள்ளைகளின் படிப்பையெல்லாம் தூக்கி வைத்தேன். அவள் காகிதத்தை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அன்று மாலை உன் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, “நம்ம பிள்ளைய இப்படி மேடையில ஏத்துவீங்களா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “உனக்கு இதெல்லாம் புரியாது” என்று அவள் வாயை அடைத்தேன்.

விருந்து சிரம்பான் லோபாக்கில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பெருமாள் விசேஷத்துக்குப் போடும் பாத்தேக் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வந்தான். அவன் மனைவி ராஜம்மா கல்யாணப் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். மகள் மேடையில் பேசப்போகிறாள் என்ற சந்தோஷம் இருவர் முகத்திலும் இருந்தது. ஒரு வேளைச் சோற்றுக்காரர்கள் பட்டுடுத்தி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் கதை என்ன ஆகும்? “இங்க ஏசி ரொம்பக் குளிரும் பெருமாளு, பின்னால வசதியா இருக்கும்” என்று சொல்லி, சமையல்கட்டுக் கதவோரம் இருந்த கடைசி மேசைக்கு அவர்களை அழைத்துக்கொண்டு போனேன். நல்ல உடை உடுத்தி வந்த குற்றத்துக்காக அவர்களை ஒளித்து வைத்தேன்.

விளக்கை அணைத்தார்கள். வீடியோ ஓடியது. நானே வெட்டி ஒட்டிய படம். சோகமான ஒரு இசையையும் சேர்த்திருந்தேன். மேசைகளில் கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு கோமதி வந்து பேசினாள். அந்த வரி வந்தபோது அவள் குரல் ஒரு கணம் தடுக்கியது. கூட்டம் அதை அழுகை என்று நினைத்துக்கொண்டது. அது வெட்கம் என்று எனக்கு மட்டும் தெரியும். முன்மேசையில் ஒரு அம்மா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்து என் மனம் துள்ளியது. ஆம், துள்ளியது. அந்தத் துள்ளலைத்தான் இத்தனை வருஷமாக என்னால் மன்னிக்க முடியவில்லை. அன்று வந்த பணம் அதற்கு முன் நாங்கள் பார்க்காதது. கடை முதலாளி மேடையேறினார். ஆளுயர மாதிரிக் காசோலை வந்தது. அறிவிப்பாளர், “அப்பாவும் மேடைக்கு வரலாம்” என்று கூப்பிட்டார்.

பெருமாள் அந்தக் கடைசி மேசையிலிருந்து அவ்வளவு நீள மண்டபத்தையும் கடந்து நடந்து வந்தான். அவசரம் இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். மேடையில் காசோலையின் ஒரு முனையை அவன் பக்கம் நீட்டினார்கள். அவன் கையைத் தூக்கவில்லை. படம் எடுப்பவர் “சார், பிடிங்க சார், இங்க பாருங்க” என்று இரண்டு முறை சொன்னார். பெருமாள் என்னைத்தான் பார்த்தான்.

“எம் வூட்டுல சோறு இல்லன்னு ஒனக்கு யாரு சொன்னா?”

மெதுவாகத்தான் கேட்டான். ஒலிபெருக்கியில் விழவில்லை. நான், “பெருமாளு, அப்புறம் பேசலாம், எல்லாரும் பாக்குறாங்க” என்றேன். அவன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். என்னைத் தாண்டும்போது, “நீங்க நல்லா இருங்க, ஐயா” என்றான். பிறந்ததிலிருந்து பழகியவன் அன்றுதான் முதன்முதலாக என்னை ஐயா என்றான். ராஜம்மா கதவருகே நின்றிருந்தாள். மூன்று பேரும் சாப்பிடாமல் போனார்கள்.

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் எல்லாவற்றிலும் கீழானது. முதலாளி கையில் காசோலையோடு திகைத்து நின்றார். “என்ன கிராணி, என்ன பிரச்சினை?” என்று கேட்டார். நான் அவர் காதோரம் குனிந்து, “மன்னிச்சிருங்க முதலாளி, ஆளு கொஞ்சம் தண்ணி போட்டிருக்காரு” என்றேன். பெருமாள் குடிக்க மாட்டான், தம்பி. அவன் அப்பா குடித்தே செத்தவர் என்பதால் அவன் ஒரு சொட்டு தொட்டதில்லை. எனக்கு அது தெரியும். தெரிந்தே சொன்னேன், சுற்றி நின்ற குழு ஆட்கள் காதிலும் அது விழுந்தது. நீ என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாய். காரில் வரும்போது நீ, “அவரு குடிப்பாரா அப்பா?” என்று கேட்டாய். “நன்றி கெட்டவங்க. நல்லது செஞ்சாலும் இப்படித்தான்” என்றேன். அதன் பிறகு நீ கோமதியோடு பேசுவதை நிறுத்திவிட்டாய் என்று உன் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். அதையும் தடுக்கவில்லை.

பெருமாள் நிதியை வாங்க மறுத்துவிட்டான். கோமதிக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் வந்தும் போகவில்லை. தொழிற்சாலை வேலைக்குப் போனாள். சில மாதங்களில் வீட்டைக் காலி செய்துகொண்டு சிரம்பான் பக்கம் ரஹாங்குக்குப் போய்விட்டார்கள். அவன் எங்கேயோ பாதுகாவலர் வேலை பார்த்ததாகக் கேள்விப்பட்டேன். அன்று திரண்ட பணத்தில் வேறு பிள்ளைகள் படித்தார்கள், அதுவும் உண்மை. ஒருத்தி இன்று ஆசிரியை. மனம் உறுத்தும்போதெல்லாம் அந்தப் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு தப்பித்தேன். பெருமாள் மாரடைப்பில் இறந்தபோது சாவு வீட்டுக்குப் போனேன். உள்ளே போகவில்லை. வெளியே கூடாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நம் தோட்டத்து ஆள் ஒருவர் பக்கத்தில் சாய்ந்து, “குடிதான் கொன்னுருக்கும், பாவம்” என்றார். நான் காற்றில் விட்ட சொல் வருஷங்கள் கழித்துப் பிணத்தின் வாசலில் எனக்கே திரும்பி வந்தது. ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை போதும். தலையைக் குனிந்துகொண்டேன். சொல்லவில்லை.

நீ கூப்பிட்ட மறுநாள் அந்தப் பெட்டியிலிருந்த பழைய மடிக்கணினியை எடுத்துத் திறந்தேன். உனக்கு அனுப்பலாமா வேண்டாமா என்ற எண்ணம்கூட அப்போது இருந்தது, அதையும் மறைக்கவில்லை. முடித்த படத்துக்குப் பக்கத்தில், நீ எடுத்த வெட்டாத படமும் இருந்தது. அதை இத்தனை வருஷமாக நான் பார்த்ததே இல்லை. நாற்பது நிமிஷம். அதைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு புதன்கிழமை சிரம்பானுக்குப் போனேன். கோமதி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். முகப்பில் இருந்த பெண் நான் யாரையோ சேர்க்க வந்திருப்பதாக நினைத்துக்கொண்டாள்.

“தோட்டத்துப் பிள்ளையா அங்கிள்? அப்படின்னா கோமதி அக்காகிட்ட விட்டுருங்க. ஃபீஸ் கட்ட முடியாத பிள்ளைங்களுக்கு ஆபீஸ்ல தள்ளுபடின்னு சொல்லிருவாங்க. தள்ளுபடியெல்லாம் ஒண்ணும் கெடையாது, அக்கா கையில இருந்து கட்டுறாங்க. பிள்ளைங்களுக்குத் தெரியாது, நீங்களும் சொல்லிறாதீங்க.”

எவ்வளவு காலமாக என்று கேட்டேன். இங்கே சேர்ந்ததிலிருந்தே என்றாள். லைசென்ஸ் இருந்தால் தோட்டத்துப் பையனுக்கு லாரி வேலையாவது கிடைக்கும், பெண்ணுக்கு டவுன் வேலைக்குப் போய்வர வழி பிறக்கும். அவ்வளவுதான் அவள் கணக்கு. அவளும் பொய்தான் சொல்கிறாள், தம்பி. வாங்குகிறவன் தலைகுனியக் கூடாது என்று சொல்கிற பொய். நான் சொன்னது அவன் தலை குனிந்தால்தான் காசு வரும் என்று சொன்ன பொய்.

கோமதி காரை நிறுத்திவிட்டு வந்தாள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். முகம் மாறவில்லை. “வாங்க மாமா, சாப்பாட்டு நேரம், வீட்டுக்குத்தான் போறேன்” என்றாள். ரஹாங்கில் சின்ன வீடு. நான் செருப்பைக் கழற்றும்போதே ராஜம்மா பார்த்துவிட்டாள். சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். “அம்மாவுக்கு உங்களப் பாக்க முடியாது மாமா, தப்பா எடுத்துக்காதீங்க” என்றாள் கோமதி. தப்பாக எடுத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை? நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சோறு இல்லை என்று எழுதியது அவளுக்குத் தெரிந்தது. குடித்திருந்தான் என்று நான் முதலாளியிடம் சொன்னது அவளுக்குத் தெரியாது. அதைக் கேட்டபோதுதான் உட்கார்ந்தாள்.

“தோட்டத்துல எல்லாரும் ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியல, மாமா” என்றாள். அவள் அழவில்லை. நான் அழுதேன். அவள் அதை நிறுத்தச் சொல்லவும் இல்லை.

நீ வீடியோவைக் கேட்டதையும் சொன்னேன். “அவன் கேக்கணும்னா என்கிட்ட கேக்கட்டும். என் நம்பர அவன்கிட்ட குடுங்க. எங்கிட்ட பேச மாட்டேன்னு பஸ்ல மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனவன்தானே, இப்ப பேசட்டும்” என்றாள். ஆகவே அதைக் கொடுப்பதும் மறுப்பதும் அவள் கையில். என்னிடம் இனி கேட்காதே. ஆனால் கூப்பிடு, அவள் எண்ணை இந்தக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். வீடியோ வேண்டாம் என்று நீ முடிவு செய்தாலும் கூப்பிடு.

உன் வேலையைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அடுத்தவர் பிள்ளைகளுக்காகக் கை நீட்டுவதில் இழிவு இல்லை. நீ தாராளமாக நீட்டு. ஆனால் ஒரு குடும்பத்தைப் பற்றி நீ காட்டுவதை, அந்தக் குடும்பம் நல்ல துணி உடுத்தி முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க முடிய வேண்டும். முடியாது என்று உனக்குத் தோன்றினால் அதைக் காட்டாதே. மேசை விற்காவிட்டால் விற்காமல் போகட்டும். அடுத்த மாதம் நிதிக் குழுவின் ஆண்டுக் கூட்டம். எனக்கு ஏதோ விருது தரப்போவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று எழுதிவிட்டேன். பேச ஐந்து நிமிஷம் மட்டும் கேட்டிருக்கிறேன். பெருமாளைப் பற்றி நான் சொன்னதை அதே ஆட்கள் முன்னால் பொய் என்று நானே சொல்லியாக வேண்டும். வெட்கத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று தெரியும். அதற்குள் வீட்டில் சொல்லிப் பழகுகிறேன். முதலில் உன் அம்மாவிடம் சொன்னேன். இப்போது உன்னிடம்.

கிளம்புவதற்கு முன் கைப்பேசியை எடுத்துக் கோமதியிடம் கொடுத்தேன். வெட்டாத படத்தில் பெருமாள் பேசுகிற இடம். நீ கேமராவுக்குப் பின்னாலிருந்து, “மாமா, ஏதாச்சும் சொல்லுங்க” என்கிறாய். அவன் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, கூச்சத்தோடு சிரிக்கிறான். “என்னத்தச் சொல்றது? எம் மவ நல்லாப் படிக்கும். சாப்பாடு, துணிமணி, பஸ்சு, அதெல்லாம் நான் பாத்துக்குவேன். யுனிவர்சிட்டிக்குத்தான் கொஞ்சம் பெருசாக் கேக்குறாங்க. அதுலயும் பாதி நான் கட்டிருவேன். மீதிய நீங்க குடுத்தீங்கன்னா, அது வேலைக்குப் போயி இன்னொரு புள்ளைக்குக் குடுத்துரும். கண்டிப்பாக் குடுக்கும். எம் மவளப் பத்தி எனக்குத் தெரியும்.” இது யாரையும் அழ வைக்காது என்று நினைத்து நான் வெட்டி எறிந்த இடம் இது.

அப்பா அப்படிச் சொன்னது கோமதிக்குத் தெரியாது. அவள் மறுபடியும் ஓடவிட்டாள். சமையலறைக் கதவு திறந்தது. ராஜம்மா ஈரக் கையோடு வந்து மகளுக்குப் பின்னால் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. அந்தச் சின்னத் திரையில் பெருமாள் பேசி முடிக்கும்வரை அசையாமல் நின்று கேட்டாள். பிறகு நிமிர்ந்து, முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

“அன்னைக்கு இதையே போட்டிருக்கலாமே, அண்ணே” என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா